ஏணி சாத்தி ஏரோப்ளேன் பாக்கப் போற தம்பிக்கு

ஏன்டா தம்பி, முழங்கை நீளத்துக்கு லென்சு வாங்கிட்டியாமே? ஒங்கம்மா சொன்னா. மல்லாட்டை வித்த காசு அம்புட்டும் அந்தக் கொழாய்க்குள்ள போயிடுச்சாம். செத்த ஒக்காரு. எங்க கெளம்புற?

அமெரிக்காக்காரன் மாதிரி கார்லயே ஊரு ஊரா போயி போர் விமானம் பாக்கப் போறியா? சரிதான். அவன் கதை எனக்கும் தெரியும். நெவாடாவுல நெல்லிஸ்னு ஒரு விமானப்படைத் தளம். வேலிக்கு வெளிய காரை நிறுத்துவான். மடக்கு ஏணி போட்டு ஏறி நின்னு படம் புடிப்பான். அப்புறம் அரிசோனாவுல டூசானுக்கு வண்டியை உடுவான். அங்க பாலைவனத்துல ஓய்வு குடுத்த ராணுவ விமானம் ஆயிரக்கணக்குல நிக்கிது. என்னாத்துக்கு அங்க நிறுத்துறான்? காத்துல ஈரம் கம்மி, சீக்கிரம் துரு ஏறாது. தரை கெட்டி, சக்கரம் புதையாது. பக்கத்துலயே ஒரு மியூசியம். டிக்கெட்டு வாங்கிட்டு ஆசை தீரப் பாக்கலாம்.

நம்ம ஊருல படைத்தளத்துச் சுவத்துல ஏணியைச் சாத்து, பாப்பம்! ராத்திரியில அடுத்தவன் சுவத்துல ஏணி சாத்துறவனுக்கு என்னா பேரு? பகல்ல சாத்துனாலும் அதே பேருதான். படம் எடுக்கக் கூடாதுன்னு எழுதியே வச்சிருக்கான். 1923-ல வெள்ளைக்காரன் போட்ட அரசு ரகசியச் சட்டம் இருக்கு. போட்டவன் மூட்டை கட்டிட்டான். சட்டம் இன்னும் காவலுக்கு நிக்கிது.

படம் வேணாம், நம்பரு மட்டும் எழுதிக்கிறன்னு சொல்றியா? அப்பிடி எழுதுன ஆளுங்க கதையைக் கேளு. 2001 நவம்பர்ல இங்கிலாந்துக்காரங்க 12 பேரும் நெதர்லாந்துக்காரங்க 2 பேரும் கிரீஸ் நாட்டுக் கலாமாட்டாவுக்கு விமானம் பாக்கப் போனாங்க. புடிச்சு உள்ள போட்டுட்டான். லீவு போட்டு, காசு செலவு பண்ணி, கடல் தாண்டி வந்து, விமானத்து மேல இருக்கிற நம்பரை நோட்டுல எழுதுறது ஒரு பொழுதுபோக்குன்னு சொன்னா எந்தக் கோர்ட்டுதான் நம்பும்? எனக்கே மண்டையில ஏறல! 2002 ஏப்ரல்ல தண்டனை குடுத்துட்டாங்க. அப்பீலு பண்ணி, நவம்பர்லதான் விடுதலை ஆனாங்க. வேடிக்கை பாக்கப் போயி ஒரு வருசம் வழக்கு. தேவையா?

சரி, ஒன் ரூட்டுக்கு வருவம். நம்ம கூட்ரோட்டுல டீயைக் குடிச்சிட்டு, ஜெயங்கொண்டம் வழியா மொதல்ல தஞ்சாவூரு. 2020 சனவரியிலேர்ந்து அங்க சுகோய்-30 போர் விமானம் நிக்கிது. 222-வது படைப்பிரிவு. 22 மீட்டர் நீளம். வயித்துக்கடியில ரெண்டரை டன்னு பிரம்மோஸ் ஏவுகணையைத் தூக்கிக்கிட்டுப் பறக்கும். கடலைக் காவல் காக்க வந்தது, ஒன் லென்சுக்கு மூஞ்சி காட்டிக்கிட்டு நிக்குமா?

அப்புறம் சூலூரு, தேஜஸ் போர் விமானம் பாக்க. அது சின்னது, 13 மீட்டருதான். 2024 ஆகஸ்டுல ஜெர்மனி, பிரான்சு, ஸ்பெயின், இங்கிலாந்து விமானமெல்லாம் சூலூருக்கு வந்து நம்ம ஆளுங்களோட சேந்து பறந்துது. அப்ப நீ எங்கடா போன? லென்சு வெல கொறையட்டும்னு போனை நோண்டிக்கிட்டு இருந்த.

கடைசியா அரக்கோணம். ராஜாளின்னு கடற்படைத் தளம். ஓடுதளமே நாலு கிலோமீட்டருக்கு மேல. அங்க இருக்கிற பி-8ஐ பயங்கரமா இருக்கும்னு நெனைக்காத. போயிங் 737 ஒடம்புதான். பாத்தா, சிங்கப்பூரு போற வண்டின்னு நெனைச்சிக்குவ. வயித்துக்குள்ள டார்ப்பிடோ வச்சிக்கிட்டு நீர்மூழ்கியைத் தேடும். 2015 டிசம்பர் வெள்ளத்துல மீனம்பாக்கம் மூழ்கிப் போச்சு. அப்ப ஜனங்களுக்கு விமானம் உட்டது இந்த ராஜாளியிலேர்ந்துதான். ஒனக்கு நம்பரு தெரியும், இது தெரியுமா?

அது என்னா, போன்ல ரேடாரா? எல்லா விமானமும் தெரியுமா? அடப் பைத்தியக்காரா, சண்டைக்குப் போறவன் இங்கதான் இருக்கன்னு தண்டோரா போட்டுக்கிட்டா போவான்? நீ போனைத் தடவுறதுக்குள்ள அது தலைக்கு மேல தாண்டிடும். கொல்லையில களை புடுங்குற கெழவி ஒன்னைவிட நல்லா பாப்பா. சத்தம் வர்ற பக்கம் பாக்க மாட்டா, அதுக்கு முன்னால பாப்பா. சத்தம் பின்னாடிதானே வரும்? இதுக்கு எந்த ஆப்பு வேணும்?

காட்டுறப்ப பாரு, அதுதான் மரியாதை. ஆனா அதுலயும் அறிவு வேணும். 2024 அக்டோபர் 6, மெரினாவுல விமானப்படை சாகசம். லட்சக்கணக்குல ஜனம். உச்சி வெயிலு, நெரிசலு. அஞ்சு உசுரு போச்சு. அதுல கேலி பேச ஒண்ணும் இல்ல. குடையும் தண்ணியும் கையில இல்லாதவன் அண்ணாந்து பாக்கவே கூடாது.

கிட்டக்கப் பாக்கணுமா? விசாகப்பட்டணம் போ. அரக்கோணத்துல இருந்துதே டியூ-142, நாலு இஞ்சினு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு விசிறி எதிரும் புதிருமா சுத்துமே, 2017-ல ஓய்வு குடுத்தாங்களே, அதுல ஒண்ணைக் கடற்கரையில மியூசியமா நிறுத்தியிருக்காங்க. உள்ளயே ஏறிப் பாக்கலாம். லென்சு பழக எடம் வேணுமா? உளுந்தூர்பேட்டையில ரெண்டாம் ஒலகப்போரு காலத்து ஓடுதளம் சும்மா கெடக்கு. விமானந்தான் கெடையாது.

இன்னொண்ணு கேக்குறன். விருத்தாசலத்துல பீங்கான் சூளை இருக்கே, என்னிக்காவது உள்ள போயி பாத்திருக்கியா? ஜெட்டு இஞ்சினுக்குள்ள சுத்துற தகடு அந்தச் சூட்டுல உருகாம இருக்க மேல பூசுறது என்னாங்கிற? பீங்கான் சாதிப் பூச்சுதான்டா. சுவத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாக்குறவன், வாசல் தொறந்து கெடக்கிற எடத்தை மொதல்ல பாக்கணும்.

சரி, என்னிக்குக் கெளம்புற? நானும் வர்றன். ஜன்னல் பக்கத்து முன் சீட்டு எனக்கு. ஓட்டுறவன் ரோட்டைத்தான் பாக்கணும். வானத்தை நான் பாத்துக்கறன்.