உறிஞ்சல் மந்தம் பற்றிய அளவை விசாரம்

வீட்டின் பின்புறத்தே தகரக் கூரை வேய்ந்து, அதன்கீழ் ஒரு வட்டவாளையும் ஒரு சீவுளி யந்திரத்தையும் நிறுத்திக்கொண்டு, ஓய்வு நாட்களிலே பெட்டகமும் பீடமும் செய்து உறவினர்க்கு வழங்கி அவர்களைச் சங்கடப்படுத்தும் நன்மக்கள், திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில், கண்டி வீதியோரக் கப்பல்துறை உட்பட, ஆங்காங்கே உளர். அவர்களுடைய மனத்தை வாட்டும் வினாக்களுள் தலையாயது, நேற்றுவரை சீவலையும் தூளையும் வாரி விழுங்கிய தூசி உறிஞ்சி இன்று ஏன் அவற்றைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கிறது என்பதே. இந்நோய்க்கு உறிஞ்சல் மந்தம் என நாமகரணஞ் செய்து, அதன் இலக்கணத்தையும் காரணத்தையும் பரிகாரத்தையும் ஆராயப் புகுகின்றோம். இதுகாறும் இதனைச் சாஸ்திர முறையில் ஆராயாது விட்டமை தமிழுலகின் துர்ப்பாக்கியமே. யந்திரத்தைக் காலால் ஒருமுறை உதைத்தவுடன் விசாரணை பூர்த்தியாயிற்றென்றே பெரும்பாலோர் கருதி வந்துள்ளனர்.

தூசி விஷயத்தில் இப்பிரதேசம் அநுபவமில்லாததன்று. சீனக்குடாவிலே கோதுமை மாவாலையும் சீமெந்து ஆலையும் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. ஆயினும் மாவும் சீமெந்தும் விலைக்குப் போகும் பொடிகள். அவற்றைத் தப்பவிட்டால் நஷ்டம் முதலாளிக்கு. மரத்தூளைத் தப்பவிட்டாலோ நஷ்டம் சுவாசப்பைக்கு. நமது காட்டு மரமாகிய சமண்டலையை ஆங்கிலேயர் ‘திருகோணமலை மரம்’ என்றே அழைத்து, சென்னைக் கரையில் அலையை ஊடறுத்துச் சென்ற மசூலாப் படகுகள் கட்ட ஏற்றிச் சென்றனர். முதிரை அதனினும் அழகியது, பட்டுப்போல் மினுங்குவது. அதன் தூளோ சிலர் தோலிற் பட்டால் சொறியையும் தடிப்பையும் விளைப்பது. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவனவென ஐயமறத் தெளிந்த முதற்றொகுதிப் பொருள்களோடு மரத்தூளையும் 1995இல் சேர்த்துவிட்டது. அற்ப விஷயத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா எனச் சிரிக்க விரும்புவோர், முதலில் ஒருமுறை இருமிப் பார்த்துவிட்டுச் சிரிப்பாராக.

எப்பொருளையும் ஆராயுமுன், அதனை அறியுங் கருவிகள் எவையென வரையறுத்துக் கொள்ளுதல் நம் முன்னோர் மரபு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிலே அளவைகள் பத்தென எண்ணி, அவை யாவும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்குமென முடித்தார். பதி, பசு, பாசம் ஆகிய முப்பொருளை நாடி அவர் இவற்றை வகுத்தாரேயன்றித் தூசி உறிஞ்சியை உத்தேசித்து வகுத்தாரல்லர். ஆயினும் பழுதுபார்க்கும் கலைக்கு இவற்றினும் தகுந்த ஆயுதங்கள் எந்த இரும்புக் கடையிலும் விற்கப்படுவதில்லை. எஞ்சிய ஏழனுள் ஒழிபும் அபாவமும் பின்னர் நமக்கு உதவும்.

முதற்கண் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். யந்திரம் எதனையும் இழுப்பதில்லை. தன் வயிற்றிலுள்ள காற்றை அது வெளியே வீசுகிறது. அவ்விடத்து அழுத்தங் குறைகிறது. புறத்தே நிற்கும் வாயுமண்டலம் தள்ளிக்கொண்டு உள்ளே புகுகிறது. தூள் அதற்கு வழித்துணையாகச் செல்கிறது. உறிஞ்சு பம்பு ஏறத்தாழப் பத்து மீற்றருக்கு மேல் நீரை ஏற்ற மறுக்கும் விந்தையைக் கலிலியோ 1638இல் வெளிவந்த நூலிலே குறித்தார். நாம் காற்றுச் சமுத்திரத்தின் அடியிலே வாழ்கிறோம், அச்சமுத்திரத்தின் பாரமே நீரை ஏற்றுகிறது என்று தொறிச்செல்லி 1644இல் தெளிவாக்கினார். ஆழக் கிணற்றின்மேல் பம்பை வைத்துவிட்டு நீர் வராமல் விழித்த நம்மூர்த் தோட்டக்காரருக்கும் இவ்வுண்மை தெரியும். தொறிச்செல்லியின் பெயர்தான் தெரியாது. அச்சமுத்திரத்தின் பாரம் நீரளவில் ஏறத்தாழ 34 அடி. வீட்டுப் பட்டறையின் சிறிய உறிஞ்சி தன் முழுப் பலத்தையுங் கூட்டி உண்டாக்கும் அழுத்தக் குறைவோ பெரும்பாலும் 10 அங்குல நீரைக்கூட எட்டுவதில்லை. வாயுமண்டலத்தின் நாற்பதில் ஒரு பங்குக்கும் அது குறைவு. இத்துணைச் சொற்ப முதலோடு வியாபாரத்துக்குப் புறப்பட்ட ஒருவனை வழிநெடுகச் சாவடிதோறும் மறித்து ஆயம் வாங்கினால், அவன் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது யாது? குழாயும் வளைவும் பையும் அறவிடும் ஆயமே உறிஞ்சல் மந்தம். இதுவே நமது சித்தாந்தம். இனிப் பூர்வபட்சங்களை நோக்குவோம்.

உரையளவையை முதலில் எடுத்துக் கொள்வது நியாயம். நம்மவர் முதலில் நாடுவதும் அதனையே. மந்தங் கண்ட அன்பர் பட்டணத்துக் கடைக்குச் செல்கிறார். விஷயத்தைப் பாதி கேட்ட அளவிலே கடைக்காரர், “மோட்டர் காணாது அண்ணை, இதைவிடப் பெரிசாய்ப் போடுங்கோ” என்று தீர்ப்பளிக்கிறார். மெய்யுணர்ந்தவனும் விருப்பு வெறுப்பற்றவனும் ஆகிய ஒருவன் கூற்றே ஆப்தவாக்கியமென்பர். பெரிய மோட்டரை விற்பதில் விருப்பற்ற கடைக்காரர் எவரேனும் உளரோவென்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது. இரண்டாவது உரைகாரர் மைத்துனர். “பின்னேரத்திலை கரண்ட் காணாது அத்தான்” என்பது அவர் கட்சி. தூண்டல் மோட்டரின் வேகம் மின்சாரம் விநாடிக்கு எத்தனை முறை துடிக்கிறதோ அதனையே பெரும்பாலும் பின்பற்றுவது. இலங்கையில் அது 50. ஆதலால் 230 வோல்ற்றுச் சற்றே இறங்கியதனால் மாத்திரம் விசிறி தளர்ந்துவிடாது. அடுக்களையிலிருந்து முற்றங் கடந்து மெல்லிய கம்பியிலே மின்சாரத்தை இழுத்து வந்திருந்தால், மைத்துனரை ஓரளவு மன்னிக்கலாம்.

அடுத்தது காட்சி. குழாய் வாயிலே உள்ளங்கையை வைத்து, “நல்லா இழுக்குது” எனச் சான்று பகர்வோர் பலர். கை அறிவது அழுத்தத்தை. தூளைச் சுமப்பதோ காற்றின் ஓட்டம். வாயை முற்றாக அடைத்த கைக்கு ஓட்டமே அற்ற நிலையில் அழுத்தம் உச்சத்தில் நிற்குமாதலால், கை மெச்சிக்கொண்டிருக்கும் அதே வேளையில் தூள் தரையிலே கிடக்கும். செவி இதனினும் பொல்லாத பொய்ச்சாட்சி. குழாய் அடைபட்டவுடன் மோட்டரின் ஓசை உயர்கிறது. ‘பாவம், கஷ்டப்படுகிறது’ என்று நம் உள்ளம் உருகுகிறது. உண்மையில், நகர்த்துவதற்குக் காற்றில்லாமையால் விசிறியின் சுமை குறைந்து, அது முன்னிலும் சற்றே வேகமாகச் சுழல்கிறது. அது வாங்கும் மின்சாரமுங்கூடக் குறைகிறது. வேலையற்றவன் இடும் கூச்சலை உழைப்பவனின் முனகலாகக் கொள்வதைத் தருக்க நூலார் ஏதுப்போலி என்பர். காரியாலயங்களிலே இதற்கு வேறு பெயர் வழங்குவதாகக் கேள்வி.

கருதலளவைக்கு மெய்யான விளைநிலம் குழாயேயாம். நம்மூர்ப் பட்டறைகளிலே குழாய் வாங்கப்படுவதில்லை, எஞ்சுகிறது. குளியலறை கட்டியபோது மிஞ்சிய இரண்டங்குல எஸ்லோன் குழாயொன்று சுவரோரத்திலே வருஷக்கணக்காகச் சாத்தியிருக்க, அதனைப் பயன்படுத்தாது விடுதல் குடும்பத் துரோகமெனத் தோன்றும். நான்கங்குல வாயுடைய யந்திரத்தோடு அதனை ஒருவாறு பொருத்தி, ‘பாதிதானே குறைந்தது’ என்று இல்லத்தரசர் தேறுதல் கொள்வார். பாதியன்று. விட்டம் பாதியானால் பரப்பு காற்பங்காகும். அதே அளவு காற்றை அதனூடே செலுத்த வேண்டுமாயின், உராய்வினால் நேரும் அழுத்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதமாக ஏறி, ஏறத்தாழ 32 மடங்காகும். கையிலிருப்பதோ 10 அங்குலத்துக்கும் உட்பட்ட முதல். அம்முதல் இவ்விழப்பைக் கொடுத்துத் தீராதாகையால் காற்றே சுருங்கிவிடுகிறது. அப்படியாயின் ஆறங்குலக் குழாய் போட்டால் ஆகாதோ என ஆசங்கிப்பாருமுண்டு. மரத்தூள் குழாயினுட் படியாது செல்ல நிமிஷத்துக்கு ஏறத்தாழ 4000 அடி வேகம் வேண்டுமென்பது இத்துறையோர் கொள்ளுங் கணக்கு. நான்கங்குலக் குழாயில் அவ்வேகத்துக்கு நிமிஷமொன்றுக்கு 350 கனஅடிக் காற்றுப் போதும், ஆறங்குலத்திலோ 780க்கு மேல் வேண்டும். அதனை ஈயமாட்டாத சிறு யந்திரத்தோடு அகன்ற குழாயைப் பூட்டினால், காற்று உல்லாசமாக மேலே உலாவிச் செல்ல, தூள் அடியிலே படிந்து நித்திரை கொள்ளும். பெரிதெல்லாம் நன்றென்ற கட்சியும் இதனால் வீழ்ந்தது. சுருக்கு வரிகொண்ட வளைகுழாய், உள்மழமழப்பான குழாயினும் இருமடங்கு, சிலவேளை மும்மடங்கு உராய்வுடையது. நாலடித் தூரத்துக்குப் பன்னிரண்டடி வளைகுழாயைச் சுருட்டிவைத்திருப்போர் அதனை இன்றே நறுக்கிவிடலாம். செங்கோணமாகத் திரும்பும் குறுமூட்டு ஒன்றை நீக்கி, 45 பாகை மூட்டுகள் இரண்டை இடைவிட்டு வைத்தல் நன்று.

பையின் கதை வேறு. 1901இல் இலண்டன் நகரத்துப் பொறியியலாளர் ஹியூபர்ட் செசில் பூத் என்பார், உணவுச்சாலையொன்றின் ஆசனத்திலே கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாய்வைத்து உறிஞ்சி, மூச்சுத் திணறிப்போய், குட்டையின் அடிப்புறத்திலே தூசி படிந்திருக்கக் கண்டு ஆனந்தித்தாராம். உறிஞ்சி வடிகட்டும் வித்தைக்கு அவரே ஆதிகுரு; மறுவருஷமே ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டுக்காக வெஸ்ற்மின்ஸ்ரர் ஆலயத்துக் கம்பளங்களை அவருடைய யந்திரம் சுத்தஞ் செய்தது. துணியிலே தூசி படியுமென்பதும், படிந்த துணியூடே மூச்சு விடலாகாதென்பதும் ஒரே நாளில் வெளியாயின. பின்வந்தோர் முதலாவதை நினைவில் வைத்து இரண்டாவதை மறந்தனர். இவ்விஷயத்தில் நமது காற்றுகளும் கட்சி சேர்கின்றன. கச்சான் வீசும் மாதங்களிலே தூள் உலர்ந்து பொடியாகிப் பைத்துணியின் நுண்ணிய கண்களுக்குள்ளே ஆழ்ந்து புகுகிறது. வாடை தொடங்கி மாரி இறங்கியதும் ஈரங்குடித்து அங்கேயே களியாக ஒட்டிக்கொள்கிறது. மார்கழியிலே உறிஞ்சியை வைபவர்கள் ஆடி மாசத்துத் தூளையே வைகிறார்கள்.

ஐயம் தீராதவர்க்குப் பரீட்சைகள் சில உண்டு. மூட்டுகளிலே காற்றுக் கசிவு உளதோவென அறிய, பட்டறையை நன்றாகப் பெருக்கித் தூளை அகற்றியபின் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி மூட்டுதோறும் காட்டுக. புகை எங்கே உள்ளிழுபடுகிறதோ அங்கே ஓட்டை. மலையிலே புகையைக் கண்டு நெருப்பை அநுமித்த தார்க்கிகர்கள், நெருப்பை நாமே கையிலே பிடித்துக்கொண்டு புகையால் ஓட்டையை அநுமிப்பதைக் கண்டால் என் சொல்வரோ அறியேம். இன்னுஞ் சூட்சுமமாக அறிய விரும்புவோர், மேசன்மார் மட்டம் பார்க்கும், கண்ணாடிபோல் தெளிந்த வளைகுழாயை இரவல் வாங்கி, அதில் நீர் ஊற்றி வளைத்து, ஒரு முனையை விசிறி வாய்க்கு முன்னே குழாயில் துளைத்த சிறு துவாரத்திலே செருகுக. நீர்மட்ட வித்தியாசம் வழக்கத்தினும் மிகுந்தால் அடைப்பு வாள் பக்கத்திலே. குறைந்தால் பை அடைபட்டது, அல்லது எங்கோ கசிகிறது. பையானால் அது மத்தளம்போல் விறைத்து நிற்கும். இவையொன்றும் வேண்டாமென்பார்க்கு, ஒன்றை விலக்கி எஞ்சியதைத் துணியும் ஒழிபளவை போதும்: விசிறி வாயிலிருந்து குழாயைக் கழற்றுக. அங்கே காற்று மூர்க்கமாகப் புகுந்தால் குற்றம் குழாயினுடையது. அங்கும் மந்தமெனில் பையையும், விசிறிக்கு முன்னுள்ள வலைக்கம்பியையும் பார்க்க. நீண்ட சீவல்களும் பொலித்தீன் பைகளும் தவம் இயற்றத் தேர்ந்துகொள்ளும் இடம் அவ்வலையே.

மூன்று பேஸ் மின்சாரம் உள்ள பட்டறைகளுக்கு மாத்திரம் ஒரு விசேஷ நோயுண்டு. இணைப்பு மாறி விசிறி தலைகீழாகச் சுழன்றாலும், அது காற்றை விளிம்புக்கு வீசுவதால் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆனால் வெகு மந்தமாக. வேலை செய்கிறதே என நம்பிப் பலகாலம் இப்படியே ஓட்டலாம். இரண்டு கம்பிகளை இடம்மாற்றினால் தீர்ந்தது. தகுதியுள்ள மின்வேலையாளைக் கொண்டு செய்விக்க.

அபாவம் என்னும் அளவை ஒன்றே எஞ்சியது. இல்லாமையினின்று அறிவது அது. முழுநாள் முதிரை அறுத்தபின் பை நிறையாதிருந்தால், பையிலே இல்லாத தூள் எங்கே உளதென்பதை மூக்கைச் சிந்தி அறிந்துகொள்ளலாம். ஆகவே அன்பர்கட்கு ஒரு விண்ணப்பம்: பெரிய மோட்டர் வாங்கப் பட்டணத்துக்குப் பஸ் ஏறுமுன், வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, பையைக் கழற்றி வளவுக்குக் கொண்டுபோய், காற்றுக்கு முதுகு காட்டி நின்று நன்றாக உதறுங்கள், உதறுமுன் அயலவர் கொடியிலே சலவைத் துணி உலர்கிறதாவென்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.