பார்க்டேலில் தாளிதமும் புகை அலார்மும்: புலம்பெயர் வாத்தியாரின் அன்றாட இன்னல்கள் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

சீனாவுக்குப் போய் ஆங்கிலம் படிப்பித்த வெளிநாட்டவர் பட்ட பாடுகள் நன்றாகவே பதிவாகியுள்ளன. பீட்டர் ஹெஸ்லர் என்ற அமெரிக்கர் 1996 முதல் இரண்டு ஆண்டு யாங்சி ஆற்றங்கரை ஊரான ஃபூலிங்கில் படிப்பித்தார். 2001இல் 'ரிவர் டவுன்' என்று ஒரு முழு நூலே வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் இலக்கணம் படிப்பித்துவிட்டு, ரொறன்ரோவின் பார்க்டேலில் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்து, சனிக்கிழமை காலைகளில் தமிழ் வகுப்பு எடுக்கும் வாத்தியாருக்கு நூல் இல்லை. கட்டுரை இல்லை. அடிக்குறிப்புக்கூட இல்லை. இத்தகைய வகுப்புகளுக்கான மரபுமொழித் திட்டத்தை ஒன்ராறியோ அரசு தொடங்கியது 1977இல். அன்றிலிருந்து கிடக்கும் இந்த இடைவெளியை நிரப்ப இவ்வாய்வாளர் முன்வந்துள்ளார். ஆய்வாளரும் ஆய்வுப்பொருளும் ஒருவரே ஆதலால் நேர்காணற் செலவு மிச்சம்.

2. ஆய்வெல்லை

கிழக்கே டஃபரின் வீதி, மேற்கே ரொன்செஸ்வேல்ஸ், வடக்கே ரயில் பாதை, தெற்கே ஒன்ராறியோ ஏரி. தனி ஊராக இருந்த பார்க்டேல் 1889இல் ரொறன்ரோவுடன் இணைந்தது. தென்னெல்லை குறித்து ஒரு விளக்கம் தேவை. 1950களில் கார்டினர் நெடுஞ்சாலை எழுந்தபோது தென்பகுதி வீடுகளும் தெருக்களும் அழிந்தன. ஊருக்கும் ஏரிக்கும் இடையே வாகனங்கள் ஓடலாயின. ஆகவே தென்னிலத்தை இழந்த ஊர்களின் வரிசையில் பார்க்டேலுக்கும் இடமுண்டு. ஆனால் இவ்விழப்புக்கு வரைபடம், புகைப்படம், நகராட்சிப் பதிவு எல்லாம் கிடைப்பதால் நம் அறிஞர்களின் ஆர்வம் இதன்பால் செல்லவில்லை.

3. இன்னல்களின் வகைமை

குளிர்: உண்டு.

501 ஸ்ரீற்கார்: வராது, வந்தால் சோடியாக வரும்.

மாணவர் வருகை: சொக்கர் ஆட்டம் இல்லாத சனிக்கிழமைகளில் நன்று.

வாடகை: 2017இல் பார்க்டேல் குடியிருப்பாளர்கள் ஒன்றுகூடி வாடகை கட்ட மறுத்தார்கள், மாதக்கணக்கில் நின்று, உயர்வைக் குறைப்பித்தார்கள். செயலால் தீர்ந்த விடயமாதலால் ஆய்வுக்கு ஏற்றதன்று.

தொழில் அங்கீகாரம்: வெளிநாட்டில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பற்றி அறிக்கைகள் ஏராளம். அங்கீகாரம்தான் இல்லை.

லிஃப்ட் அறிவித்தல்: 'செவ்வாய்க்கிழமை சுடுதண்ணி வராது' என்பது மூலபாடம். 'எந்தச் செவ்வாய்?' என்று பச்சைப் பேனாவில் எழுதியிருப்பது இடைச்செருகல். சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது பட்ட சிரமம் இந்த லிஃப்டுக்குள் நின்றால்தான் விளங்கும். ஏடு செல்லரித்திருந்தாலும், வாசிக்கும்போது அது ஆறாம் மாடிக்கு ஏறிப் போகாது.

4. தாளித இயல்

தாளிதமாவது, தாச்சியில் எண்ணெய் நன்கு கொதித்தபின் கடுகு, செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றை உரிய நேரத்தில் இடுவது. அலார்மாவது, குசினி வாசலுக்கு நேர் மேலே கூரையில் ஒட்டியிருந்து அதைக் கண்டிப்பது.

தொல்காப்பியர் இதற்குத் திணை வகுக்காமை, அவர் பார்க்டேலின் ஜேம்சன் அவெனியூவில் குடியிராமையால் என்க. எனவே குசினித் திணை என்ற ஒன்றை இவ்வாய்வு முன்மொழிகிறது. முதற்பொருளில் நிலமாவது, பிள்ளைகள் விழாதிருக்க யன்னலை 10 சென்ரிமீற்றருக்கு மேல் திறக்கவிடாத மாடி வீடு. பெரும்பொழுது கடும்பனி, சிறுபொழுது வெள்ளிக்கிழமை மாலை. கருப்பொருளில் தெய்வம், கட்டடத்தின் சூப்பரின்டென்டன்ட் (அழைத்தால் வரார், அழையாதபோது தோன்றுவார்). விலங்கு, ரக்கூன். புள், பல்கணிப் புறா. உணவு, பருப்பும் சொதியும். பறை, மேற்படி அலார்ம். உரிப்பொருள், துவாய் வீசுதலும் வீசுதல் நிமித்தமும்.

பறையின் யாப்பு தனியே நோக்கத்தக்கது. மூன்று கூவல், ஓர் இடைவெளி, மீண்டும் மூன்று கூவல். முச்சீரால் வருதலின் இது வெண்பாவின் ஈற்றடி. முன்னைய அடிகள் கிடைத்தில. ஏரிகோளில் அழிந்தன போலும்.

இனிக் காரணம். அலார்ம் இருவகைப்படும்: அயனாக்க வகை, ஒளி வகை. முன்னதன் வயிற்றில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் அணுவளவு உண்டு. அது காற்றை மின்னேற்றிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் புகுந்து அந்த மின்னோட்டம் தடுமாறினால் கூவும். கொதியெண்ணெயில் விழும் செத்தல் மிளகாய் கிளப்புவது இதே நுண்துகளைத்தான். பின்னது ஒளி சிதறுவதைக் கொண்டு புகையை அறிவது. புகைந்து புகைந்து எரியும் மெத்தைக்கு விரைந்து கூவும், தாளிதத்தை ஓரளவு பொறுக்கும். அமெரிசியம்-241இன் அரை ஆயுள் சுமார் 432 ஆண்டு. தாளிதத்தை ஏற்கும் மனப்பக்குவம் அதற்குள் அலார்முக்கு வருமா என்பது மேலாய்வுக்குரியது.

தீர்வு குறித்து மூன்று பள்ளிகள் உள.

துவாய்ப் பள்ளி: கதிரையில் ஏறி நின்று துவாயைச் சுழற்றுவது. (காண்க: நான்காம் மாடி அன்ரி, வாய்மொழி, லொண்டரி அறை.)

கதவுப் பள்ளி: கொரிடோர்க் கதவைத் திறந்து புகையைப் பொதுவுடைமையாக்குவது. இதில் எதிர்வீட்டுத் திபெத்திய அம்மாவின் மோமோ ஆவி உள்ளே வர, நம் செத்தல் மிளகாய் வெளியே போகும். (காண்க: மேற்படி அன்ரி, லொண்டரி அறை, இரண்டாம் சுற்று, உலர்த்தி ஓடிய சத்தத்தில் இழந்த சொற்கள் ஊகித்து நிரப்பப்பட்டன.)

தொப்பிப் பள்ளி: குளியல் தொப்பியால் அலார்மை மூடுவது. சட்டவிரோதம், ஒன்ராறியோவில் புகை அலார்மைச் செயலிழக்கச் செய்வது குற்றம். ஆயினும் இப்பள்ளியின் செல்வாக்கு, அதைச் சார்ந்தவர் எவரும் ஒப்புக்கொள்ளாத அளவுக்குப் பெரியது. (காண்க: பெயர் சொல்ல விரும்பாத மூத்த அறிஞர், படிக்கட்டு, மூன்றாம் நான்காம் மாடிகளுக்கு இடைப்பட்ட திருப்பம், திருத்திய பதிப்பு, மனைவி வந்ததால் முற்றுப்பெறாதது, மறுநாள் லிஃப்டில் முழுமையாக மறுக்கப்பட்டது, அம்மறுப்பை மறுத்து மனைவி தந்த நீண்ட பின்னுரையுடன்.)

இவ்வாய்வாளர் துவாய்ப் பள்ளியைச் சார்ந்தவர். யாழ்ப்பாணத்தில் வகுப்புக்குள் காலடி வைத்தாலே நாற்பது பிள்ளைகளின் வாய் மூடும். ஜேம்சன் அவெனியூவில் அதே ஆள் நீலத் துவாயும் கையுமாகக் கதிரைமேல் நிற்கிறார். கூரையில் உள்ளங்கை அளவு வெள்ளை வட்டம், நடுவில் சிவப்புப் பொட்டு, 'போதும் போதும்' என்றால் கேட்கிறதில்லை. கீழே மேசையில் திருத்தாத கொப்பிகள். மேற்கொப்பியில் 'என் வீடு' என்ற தலைப்பின் கீழ் ஒரு பெண்பிள்ளை எழுதியிருந்தது: 'எங்கட வீட்டில் அலார்ம் அடித்தால் சாப்பாடு ரெடி.'

இதைவிடச் சிறந்த முதன்மைச் சான்று இத்துறையில் இல்லை. ஆண்டுதோறும் கோடையில் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். இரண்டு வாரம் நிற்கிறார்கள், கொத்துரொட்டி சாப்பிடுகிறார்கள், வாசனை, நினைவு, இழப்பு என்று முந்நூறு பக்கம் எழுதிக்கொண்டு போகிறார்கள். கோடையில் யன்னல் திறந்திருப்பதால் அவர்கள் எவரும் அலார்மைக் கேட்டதில்லை. அப்பிள்ளைக்குப் பத்துக்கு ஒன்பது போடப்பட்டது. 'எங்கட' என்பது கட்டுரை நடைக்கு ஆகாது.

5. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன:

அ. குசினிக்கு அண்மையில் ஒளி வகை அலார்மே பொருத்தம்.

ஆ. அதையும் அடுப்பிலிருந்து எட்டவே வைக்கச் சொல்லி வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு கடிதம் எழுதலாம்.

இந்த இரண்டு வரியை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர் ஆய்வுலகுக்குப் புதியவர். கடிதம் இன்னும் எழுதப்படவில்லை. கட்டுரையின் இரண்டாம் பாகத்துக்கான நிதி விண்ணப்பம் போய்விட்டது.