கறுப்புத் திரையா, மவுஸா?

கே: லினக்ஸுக்கு மாறி ஒரு வாரம் ஆகிறது. ‘டெர்மினல் தெரியாதவன் லினக்ஸ்காரனே இல்லை’ என்கிறான் என் அறைத்தோழன். அப்படியா?

ப: அவன் பேச்சைக் கேட்டு, கட்டளை தட்டும் அந்தக் கறுப்புத் திரைக்காக மவுஸைப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள்! 2004 அக்டோபரில் உபுண்டு என்ற லினக்ஸ் வகை வந்ததே, சாதாரண ஆட்களும் லினக்ஸில் புழங்க வேண்டும் என்றுதான். கடிதம் அடிக்க, படம் பார்க்க, பென்டிரைவில் ஏற்ற மவுஸ் தாராளமாகப் போதும்.

கே: எல்எஸ், சிபி, எம்வி... கட்டளைகள் எல்லாம் ஏன் இப்படி மொட்டை மொட்டையாக இருக்கின்றன?

ப: பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் இந்தக் கட்டளைகளின் தாய்வீடான யூனிக்ஸை வளர்த்த காலத்தில் அவர்கள் தட்டியது டெலிடைப் இயந்திரத்தில். காகிதச் சுருளில் கடகடவென்று அச்சடிக்கும். மாடல் 33 டெலிடைப் நொடிக்குப் 10 எழுத்துதான் அடிக்கும். விசைகளையும் அழுத்தி அமுக்க வேண்டும். ஓர் எழுத்து குறைந்தாலும் விரலுக்கு லாபம்!

கே: டெர்மினலில் பாஸ்வேர்டு அடித்தால் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு போய்விட்டதா?

ப: கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பக்கத்தில் நிற்பவர் எத்தனை எழுத்து என்று எண்ணிவிடக்கூடாதே என்றுதான் பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் ஒன்றும் காட்டுவதில்லை. அடித்துமுடித்து என்டர் தட்டுங்கள்.

கே: மவுஸே போதும் என்றால் டெர்மினலை எதற்குக் கற்க வேண்டும்?

ப: கல்யாண போட்டோ 400 இருக்கிறது, எல்லாவற்றையும் சின்னதாக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து மூடினால் பொழுது சாய்ந்துவிடும். இமேஜ்மேஜிக் என்ற மென்பொருள் இருந்தால் ஒரே வரிக் கட்டளை. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அடுத்த கல்யாணத்துக்கும் அதே வரிதான்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிது. ஊரில் இருக்கும் அப்பாவுக்கு போனில் ‘மேலே வலது மூலையில பாருங்க, அதுக்குக் கீழே...’ என்று வழி சொல்லிப் பாருங்கள். கட்டளையாக இருந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பலாம், அவர் அதை அப்படியே ஒட்டலாம். மெனுவோ இடம் மாறிக்கொண்டே இருக்கும். உபுண்டுவே 2011-இல் யூனிட்டி என்ற திரை முகப்புக்குப் போனது, 2017-இல் க்னோம் முகப்புக்குத் திரும்பியது. பழகியவர்கள் இரண்டு முறையும் பொத்தானைத் தேடினார்கள். 1971-ஆம் ஆண்டு யூனிக்ஸ் கையேட்டில் இருந்த எல்எஸ் இன்றும் கோப்புப் பட்டியலைத்தான் காட்டுகிறது. அதனால் ஒரே வேலையை மூன்றாம் தடவை செய்கிறீர்களா? அன்றைக்கு டெர்மினலைத் திறங்கள். கட்டளைப் பட்டியலை உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கே: நெட்டில் கிடைக்கும் கட்டளையை அப்படியே ஒட்டலாமா?

ப: கூடவே கூடாது! முதலில் ‘மேன்’ (man) என்று அடித்து, இடம்விட்டு அந்தக் கட்டளையின் பெயரைக் கொடுங்கள், விளக்கம் வரும். வரியில் கோப்பை அழிக்கும் ‘ஆர்எம்’ (rm) தென்பட்டால் இரண்டு தடவை படியுங்கள். மவுஸால் அழித்தால் குப்பைத்தொட்டிக்குப் போகும், எடுத்துக்கொள்ளலாம். ஆர்எம் அழித்தால் தொட்டியே கிடையாது. அப்பாவுக்கு அனுப்பும் வரியையும் முதலில் உங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.