காது உங்களுடையது, சத்தம் அரசாங்கத்துடையது

சென்னையில் இப்போது 'மனம் ஒன்றிக் கேட்டல்' பயிற்சிக்கு நல்ல மவுசு. ஏசி அறை, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், உட்கார மெத்தை. ஹாரன் சத்தத்தை வெறுக்கக் கூடாதாம். அலை மாதிரி வரும், கவனித்துவிட்டுப் போக விடவேண்டுமாம். ஜன்னலைத் திறந்து வைத்துச் சொல்லிப் பாருங்களேன் சுவாமி! கட்டணம் கட்டியவருக்கு அமைதி, கட்டாதவருக்குத் தண்ணீர் லாரி.

எழும்பூர் கண் மருத்துவமனைக்கு வாருங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40, அதற்குமேல் கூடாது. வெளியே கண்ணில் கட்டுப் போட்ட பாட்டி, காதைப் பொத்திக்கொண்டு ரோட்டைக் கடக்கிறார். சிவப்பு விளக்கு எரிகிறது. பின்னால் நிற்கும் வண்டிக்காரர் ஹாரனிலிருந்து கட்டை விரலை எடுப்பதாக இல்லை. யாரை விரட்டுகிறார்? விளக்கையா? தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். கட்டியவரை நீங்கள் பார்த்ததுண்டா?

இதே மருத்துவமனையில் சத்தத்தை அளக்க 2011-இல் கருவி வைத்தார்கள். கண் ஆஸ்பத்திரி அல்லவா? பார்ப்பதோடு சரி, கேட்பதில்லை.

சத்தத்தால் தூக்கம் கெட்டால் ரத்த அழுத்தம் ஏறும், இதயம் பழுதாகும். வாகன இரைச்சல் சராசரியாக 53 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்குச் சொன்னது. நம்முடையது கட்சிக் கூட்டத்துக்கென்றே வார்த்த இரும்புக் காது என்று இங்கே முடிவு கட்டிவிட்டார்கள் போல.

சட்டத்தின் குறும்பையும் கேளுங்கள். பகல் சத்தம் வரம்பைப் பத்து டெசிபல் தாண்டினால்தான் புகார் செய்யலாம். பத்து டெசிபல் என்றால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு! அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். அதை அளக்கும் கருவியைக் குடும்ப அட்டைக்கு ஒன்று கொடுப்பார்களா, தெரியவில்லை.

விருப்பமில்லாதவன் காதில் ஒலிபெருக்கியைத் திணிக்க எவருக்கும் உரிமையில்லை என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செவிடன் காதில் ஊதிய சங்கு. ஆடி மாதக் குழாய்க்கும் தலைவர் பிறந்தநாள் குழாய்க்கும் கம்பம் ஏறி வயர் கட்டுபவர்களைக் கேட்கப் போலீசுக்குத் துணிவில்லை. ஆகவே நாம் மூச்சை இழுத்துவிட்டுப் பழகவேண்டுமாம். குற்றவாளி ஹாரன் அடித்தவன் அல்ல, தூங்க நினைத்த நீங்கள்தான்!

இரவு பத்துக்கு மேல் குழாய் அலறினால் புகார் செய்ய டெசிபல் கணக்கு தேவையில்லை. காலையில் நாலு வீட்டாராகச் சேர்ந்து காவல் நிலையம் போங்கள். எழுதிக் கொடுங்கள். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். "பார்த்துக்கிறோம், போங்க சார்" என்பார்கள். ரசீது கைக்கு வராமல் அங்குள்ள பெஞ்சை விட்டு எழுந்திருக்காதீர்கள்.