கியா பார்மில் கடல்மீன்: ஒரு திணைமயக்க ஆராய்ச்சி

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, கடல்நீர் நிரப்பி, பவளமும் கோமாளி மீனும் வளர்ப்போர் வெயில் காலத்தில் படும் பாட்டைப் புலவர் எவரும் பாடியதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். களம், மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள கியா பார்ம். கடல்மீனை ஆராய மலையேறுவானேன் எனின், கீழே வெக்கை தாங்கவில்லை, ஆய்வாளருக்கும் சேர்த்து என்க.

முதலில் நோய் நாடுவோம். பவளத்துக்கு 25, 26 டிகிரி செல்சியஸ் உகந்தது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலும், தன்னுள் குடியிருந்து சோறு போடும் பாசியைத் துரத்திவிட்டு வெளுத்துப் போகும். 2010இல் இப்படிக் கடலே வெளுத்தது. தியோமான், ரெடாங் தீவுகளில் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை அரசு மூடிவைத்தது. தியோமான் பகாங் மாநிலத்தது; கியா பார்மும் பகாங்கினதே. நெய்தலும் குறிஞ்சியும் ஒரே சுல்தானின் ஆட்சிக்குள் அடங்குவதால், மீனை மலையேற்றுவது முறையான திணைமயக்கமே. தொல்காப்பியரும் இதைத் தடுக்கவில்லை.

நெய்தலுக்கு அவர் வகுத்த சிறுபொழுது எற்பாடு. தொட்டி வளர்ப்போர் இதை வெப்பமானியாலேயே சரிபார்க்கலாம். வெயில் உச்சி நண்பகலில். ஆனால் நீர் மெல்லச் சூடேறும் பொருளாதலால், அதன் உச்சம் பொழுது சாயும்போதுதான். உரிப்பொருளாகிய இரங்கலும் அப்பொழுதே தொடங்கும். இரங்குபவர் தொட்டியின் உரிமையாளர்.

இனி மருந்து. பனிக்கட்டிப் போத்தலை மிதக்கவிடுவது பாமர மரபு. ஒன்றரை லிட்டர் போத்தல் முழுதும் கரைந்தாலும் 200 லிட்டர் தொட்டியில் ஒரு டிகிரிகூட இறங்காது. ஐஸ் பெட்டியில் கோழி வைக்க இடமில்லாமல் போவதே கண்ட பலன். காற்றாடி மரபு இதனினும் சிறந்தது. மூடியைத் திறந்து நீர்ப்பரப்பில் காற்றை வீசினால் நீர் ஆவியாகும். ஒரு லிட்டர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும்; அதாவது அதே தொட்டியில் கிட்டத்தட்ட மூன்று டிகிரி. ஆனால் உப்பு ஆவியாகாது. நாளுக்கு ஒரு லிட்டர் வீதம் ஒரு வாரம் கவனியாமல் விட்டால், லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு 36ஐத் தாண்டும். ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீரே ஊற்றுக. கடல்நீர் ஊற்றுவோர் நாளடைவில் கருவாடு காண்பர்.

மூன்றாவது, சில்லர் என்னும் குளிரூட்டி. இதைப் பற்றி வியாபாரிகள் சொல்லாத உண்மை ஒன்றுண்டு. அது வெப்பத்தை அழிப்பதில்லை. தொட்டியிலிருந்து கூடத்துக்கு மாற்றுகிறது, தன் மோட்டாரின் சூட்டையும் கூட்டி. கூடம் கொதிக்க, ஏர்கோன் போடுகிறோம். அது வெப்பத்தைப் பக்கத்து வீட்டுச் சன்னல் பக்கம் தள்ளுகிறது. குளிர்வித்தல் என்பது நம் சூட்டை இன்னொருவர் தலையில் கட்டுவதே என்பது இதனால் பெறப்பட்டது.

தொட்டி வளர்ப்பின் வரலாறும் அதற்குச் சான்று. 1840களில் லண்டனில் ஆனா தின் என்ற சீமாட்டி பவளங்களை வீட்டில் உயிரோடு வைத்துக் காட்டினார். நீருக்குக் காற்றூட்ட, திறந்த சன்னலருகே நின்று ஒரு பாத்திரத்திலிருந்து மறு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றியவள் அவருடைய பணிப்பெண். மலேசியத் தமிழர் எவரும் இதைப் படித்தவுடன் கண்டுகொள்வர்: தே தாரிக். மாமாக் கடையில் தே ஆற்றுபவர் செய்வதும் இதே காற்றூட்டல், இதே குளிர்விப்பு. சீமாட்டிக்குப் புகழ், பணிப்பெண்ணுக்குக் கைவலி.

கேமரன் மலையே அவ்வாறு எழுந்ததுதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்கு வந்தார். 1925இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் பார்த்துவிட்டு, கீழ்நாட்டு வெயிலில் சிவந்துபோகும் ஒரு கடல்கடந்த இனத்தைப் பராமரிக்க ஏற்ற இடம் என்று கண்டார். 1929இல் போ தேயிலை நிறுவனம் தோன்றியது. சாய்வில் வியர்த்துக் கொழுந்து பறித்த தமிழர் லயங்களில் இருந்தனர். பங்களாவில் கணப்பு எரிந்தது.

எனவே 1,500 மீட்டருக்கு மேலுள்ள கியா பார்மில் தொட்டி வைத்தால் சில்லர் வேண்டாம் என்பது நம் கருதுகோள். அது பகலில் நின்றது, இரவில் விழுந்தது. குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம், பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். இங்கே யாமத்தில் 15, 16 டிகிரிக்கு இறங்கும்போது கோமாளி மீன் கோமாளித்தனம் எதுவும் செய்யாது. ஹீட்டர் வாங்கியாக வேண்டும். மூச்சுக் கணக்கும் உண்டு. 28 டிகிரிக் கடல்நீர், கடல்மட்டத்தில் லிட்டருக்கு சுமார் 6.4 மில்லிகிராம் ஆக்சிஜன் கொள்ளும். மலையில் காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவாதலால், நாம் ஹீட்டரால் 25 டிகிரிக்கு ஏற்றிய நீர் கொள்வது சுமார் 5.6தான். குளிரத் தேடி வந்து, சூடுபடுத்தி, மூச்சும் குறைந்தது. மீன்களைக் கொஞ்சமாக விடுக.

நடைமுறைக் குறிப்பு ஒன்று எஞ்சியுள்ளது. தொட்டியைச் சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாள்களில் ஏற்றற்க. பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம் சந்தை வரை ஸ்ட்ராபெரியும் சோளமும் வாங்க வரும் கார்கள் அசையாமல் நிற்கும். இடையில் மாட்டிய லோரிக்குள் நீரின் சூடு ஏறிக்கொண்டேயிருக்கும். செவ்வாய்க்கிழமை விடியலில், சிம்பாங் பூலாய் வழியாக ஏற்றுக.