குளுவாங் வழியாக அமேசான்

பிரேசிலில் பிஆர்-319 என்று ஒரு சாலை இருக்கிறது. மானாவுசிலிருந்து போர்ட்டோ வேல்யோ வரை, அமேசான் காட்டுக்குள் ஏறக்குறைய 880 கிலோமீட்டர். 1976இல் திறந்தார்கள். 1988க்குள் பஸ்கூடப் போக முடியாதபடி காடு அதை விழுங்கிவிட்டது. நடுவில் 400 கிலோமீட்டருக்கு மழைக்காலத்தில் சேறு, வெயில் காலத்தில் செம்புழுதி. புதைந்த லோரிகள் நாள்கணக்கில் அங்கேயே கிடக்கும். இதைப் படிக்கிற யாரும் ‘ஐயோ பாவம்’ என்பார்கள். என் மச்சான், “போயே ஆகணும்” என்றான்.

மச்சானுக்குச் சிங்கப்பூரில் வேலை. சம்பளம் முழுக்க அவனுடைய ஃபோர் வீல் வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கூரையில் மண்வெட்டி, முன்னால் இழுவைக் கம்பி, ஆற்றைக் கடக்க மூச்சுக்குழாய். இத்தனையும் வைத்துக்கொண்டு அந்த வண்டி அதுவரை தாண்டிய பெரிய தடை, எங்கள் ஊர் குளுவாங் பாசார் பக்கத்து வேகத்தடைதான்.

“அமேசான் இருக்கட்டும். மொதல்ல பெத்தா போய்ட்டு வாடா. முழுசா வந்தீன்னா மீதியைப் பேசுவோம்” என்றாள் அவன் அக்கா, அதாவது என் மனைவி. முழுசாக வருகிறானா என்று பார்த்துச் சொல்ல என்னையும் கூட அனுப்பினாள். என் முழுமையைப் பற்றி அவளுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

கம்போங் பெத்தா, எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் வாசல். கஹாங்கிலிருந்து 56 கிலோமீட்டர். செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்து, காட்டுப் பாதையில் போய்ச் சேர வேண்டும். வருடக் கடைசிப் பருவமழையில் பூங்காவையே மூடிவிடுவார்கள். நாங்கள் போனது, மழை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த வாரம்.

வழியில் யானைச் சாணம். மச்சான் இறங்கி, பரோட்டாக் கல்லில் சூடு பார்ப்பவனைப்போல் மேலே உள்ளங்கையை நீட்டி, “இப்பதான் போயிருக்கு” என்றான். அந்தத் தகவலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியாததால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்பினோம்.

அடுத்த மேட்டில் சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. மச்சானின் முகத்தில் தீபாவளி. இழுவைக் கம்பியை அவிழ்க்கும் முறையைக் கைப்பேசியில் தேடினான். கையேடு இணையத்தில் இருந்தது. இணையம் கஹாங்கோடு நின்றுவிட்டிருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு கப்சாய் மோட்டார் வந்தது. ஜக்கூன் பழங்குடிக் குடும்பம். புருஷன், பெண்சாதி, நடுவில் பிள்ளை, பிள்ளையின் மடியில் பிஸ்கட் டின், பக்கவாட்டில் கட்டிய கேஸ் தோம்பு. டயரில் பூ என்று ஒன்றும் மிச்சமில்லை. ஓரமாகக் காலை ஊன்றி ஊன்றி எங்களைத் தாண்டி மேட்டின் உச்சிக்குப் போய் நிறுத்திவிட்டு, அந்த மனிதர் மட்டும் இறங்கி வந்தார். டயரில் பாதிக் காற்றை இறக்கச் சொன்னார். பாராங்கால் நாலு கிளையை வெட்டிச் சக்கரத்தடியில் செருகினார். வண்டி ஏறிவிட்டது. “பெலான் பெலான், பாங்” என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சான் அதைச் சாகசப் பயணம் என்று படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவருக்கு அது, கேஸ் வாங்கிவிட்டு வீடு திரும்புகிற வழி.

டயரில் காற்று இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது, பிரேசில் குளுவாங்குக்கு எப்போதோ வந்துவிட்டது என்று. 1876இல் ஹென்றி விக்கம் தபஜோஸ் ஆற்றோரக் காடுகளிலிருந்து 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றினார். லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை சுமார் 2,700. மறு வருடம் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை வெறும் 22 கன்றுகள். அப்புறம் அங்கே தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பாக வந்த ரிட்லி, பார்த்த துரைமார்களிடமெல்லாம் ரப்பர் நடச் சொல்லி நச்சரித்து, ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பேர் வாங்கினார். 1928இல் ஹென்றி ஃபோர்டு அதே தபஜோஸ் கரையில் ‘ஃபோர்டுலாண்டியா’ என்று ஓர் ஊரையே கட்டி மரத்தை வரிசையில் நட்டார். இலைக்கருகல் நோய் வந்து தின்று தீர்த்தது. 1945இல் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். பிறந்த மண்ணில் வரிசையில் நிற்க மாட்டேன் என்ற மரம், எங்கள் ஊர்த் தோட்டங்களில் செம்பனை வந்து தள்ளும்வரை சமர்த்தாக நின்றது.

அந்த மரத்துக்குப் பால் வெட்டத்தான் என் பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினாள். டெக்கில் பாய், பினாங்கில் புலாவ் ஜெரஜாக் தடுப்பு முகாம், அப்புறம் ரயில், குளுவாங்கில் இறங்கித் தோட்டத்துக்கு மாட்டுவண்டி. மறுநாள் விடியுமுன் பிரட்டுக்கு நின்றிருக்கிறாள். டிரங்குப் பெட்டியில் ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டிக்கொள்ளவில்லை.

மச்சான் மனம் மாறவில்லை. பெத்தா சேறு காய்ந்த வண்டியைக் கழுவாமல் சிங்கப்பூர் வரை ஓட்டிப்போனான். பிரேசிலிலிருந்து திரும்பி வருகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்று நான்தான் சொன்னேன்.

“ஊசியா? மாத்திரை கெடையாதா மச்சான்?”

அவன் அக்கா கிளினிக்கில் தேதி வாங்கி வைத்திருக்கிறாள். அன்றைக்குப் பார்த்து அவனுக்கு ஓவர்டைமாம்.