பத்தாயிரம் லூமென்

இணையக் கடையில் சைக்கிள் லைட் என்று தேடினால் இந்த வாரமும் அதே சரக்குதான் முன்னால் வந்து நிற்கிறது: உள்ளங்கைக்குள் அடங்கும் அலுமினிய டப்பா, 10,000 லூமென். நாமும் வழக்கம்போல லூமென் கூடியது மேலே வரும்படி அடுக்கிவிட்டு வாயைப் பிளக்கிறோம். ராத்திரியில் காட்டு ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் மிதிப்பவர் எந்த லைட்டை வாங்கலாம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் இந்த எண்ணை மட்டும் ஒரு கை பார்த்துவிடலாம்.

காரின் சாதாரண ஹாலஜன் பல்பு லோ பீமில் சுமார் 1,000 லூமென் தரும். அப்படியானால் டப்பாவுக்குள் ஐந்து கார்கள் ஹெட்லைட்டோடு உட்கார்ந்திருக்கின்றன. இருக்கட்டும். நல்ல வெள்ளை எல்.இ.டி. வாட்டுக்கு 100 முதல் 150 லூமென் கொடுக்கும். 125 என்றே வைத்துக்கொண்டாலும் 10,000-க்கு 80 வாட் வேண்டும். உள்ளே இருப்பதோ 18650 பேட்டரி இரண்டு. அதில் உயர்ந்த ரகமே சுமார் 3,500 எம்.ஏ.எச்.தான் பிடிக்கும்; மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையில் மட்டும் கூசாமல் 9,900 என்று அச்சடித்திருப்பார்கள். நிஜத்தில் இரண்டும் சேர்ந்து 25 வாட்-மணி. 80 வாட் இழுத்தால் இருபது நிமிடம்கூடத் தாங்காது. அட்டைப்பெட்டியோ ஆறு மணி நேரம் என்கிறது. சூட்டைப் பற்றி இன்னும் பேசவே இல்லை. அந்த 80 வாட்டில் பாதிக்கு மேல் வெளிச்சமாகாமல் வெப்பமாகத்தான் போகும், அதாவது ஹேண்டில்பாரில் இரண்டு சோல்டரிங் அயர்னைக் கட்டிக்கொண்டு போகிற மாதிரி. போதாததற்கு ‘டி6’ என்று ஒரு பெருமை வேறு. டி6 என்பது எல்.இ.டி.களை வெளிச்சத்தை அளந்து ரகம் பிரிக்கும்போது இடுகிற அடையாளம். கிரீ கம்பெனியின் எக்ஸ்எம்-எல் வரிசையில் அதற்கு 700 மில்லி ஆம்பியரில் குறைந்தது 280 லூமென் என்று பொருள். 280 எங்கே, 10,000 எங்கே!

‘பத்தில் ஒரு பங்கு நிஜமானாலும் 1,000 லூமென் ஆயிற்றே, கொடுத்த காசுக்கு லாபம்தானே’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆயிற்றுதான். ஆனால் லூமென் மொத்த வெளிச்சத்தின் அளவு. அது எங்கே போய் விழுகிறது என்று அந்த எண் வாய் திறப்பதில்லை. முன்சக்கரத்துக்கு இரண்டடி தள்ளி வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம், மீதியெல்லாம் மரக்கிளையில் ஆந்தைக்கு. அந்த வட்டத்துக்குக் கண் பழகிவிட்டால் அதைத் தாண்டி இருப்பதெல்லாம் கும்மிருட்டு. ‘ஜெர்மனியில் சட்டமே இருக்கிறது, அங்கே அங்கீகாரம் பெற்றதை வாங்கு’ என்பார் விவரம் தெரிந்த இன்னொருவர். நல்ல சட்டம்தான். எதிரே வருபவர் கண் கூசக் கூடாது என்பதற்காக அந்த விளக்குகளின் ஒளி மேல்பக்கம் வெட்டியதுபோல் நின்றுவிடும். தார் ரோட்டுக்கு அது நாகரிகம். காட்டில் எதிரே வருவது முகத்துக்கு நேராக நீண்ட கிளை. அதற்குக் கண் கூசுமே என்ற கவலை யாருக்கு? ஹெல்மெட்டில் மாட்டினால் தீர்ந்தது என்பதும் பாதி சரி. திரும்பும் பக்கமெல்லாம் வெளிச்சம் கூடவே வரும், ஆனால் ஒளி கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே புறப்படுவதால் கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மேடும் பள்ளமும் ஒரே தரையாகத் தெரியும். தாழ்வாக ஹேண்டில்பாரில் இருந்தால்தான் நிழல் நீண்டு குழியைக் காட்டிக் கொடுக்கும். ஆகவே இரண்டும் வேண்டும், இரண்டும் மிதமாக இருந்தால் போதும். இதை எந்த விளம்பரமாவது சொல்கிறதா?

எதை வாங்கலாம் என்பதற்கு இனிமேல்தான் வர வேண்டும். அதற்குள் அந்த டப்பாவின் பொத்தான் குறுக்கே வருகிறது. இருப்பது ஒரே பொத்தான். ஹை, மீடியம், லோ, பிறகு கண்ணைப் பறிக்கும் ஸ்ட்ரோப், பிறகு எஸ்.ஓ.எஸ். லோவிலிருந்து மறுபடி ஹைக்குப் போக இந்த இரண்டையும் கடந்துதான் ஆக வேண்டும். வேர் பின்னிய இறக்கத்தில், ஒரு கை பிரேக்கில் இருக்கும்போது, வெளிச்சம் விட்டு விட்டு வெட்டும் அந்த ஸ்ட்ரோப் யாருக்காக என்று வடிவமைத்தவர்தான் சொல்ல வேண்டும். அடுத்த அழுத்தலில் எஸ்.ஓ.எஸ். வந்துவிடும். அது மட்டும் சரியான நேரத்தில்தான் வருகிறது.